ஈயம், போர்டு, மீட்டர்: அளவு எடுக்கும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்யூட் போர்டு அசெம்பிள் செய்யப் பழகுபவர்களும், அதில் மீட்டரை வைத்து அளப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: ப்ரோபை வைத்த நொடியில் மீட்டரும் அந்த சர்க்யூட்டில் ஒரு பாகமாகிவிடுகிறது. முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை. அதனால் மேலிருந்து படித்து வருவது நல்லது.

என் மீட்டர் 5.000 வோல்ட்னு காட்டுது. அப்போ மில்லிவோல்ட் வரைக்கும் சரின்னு அர்த்தமா?

இல்லை. எத்தனை இலக்கம் காட்டுகிறது என்பது ரெசல்யூஷன். அந்த இலக்கங்களை எவ்வளவு நம்பலாம் என்பது அக்யூரசி. மீட்டரோடு வரும் கையேட்டில் '0.5 சதவீதம் + 2 டிஜிட்' என்பது போல ஒரு வரி இருக்கும். 6 வோல்ட் ரேஞ்சில் கடைசி இலக்கம் 1 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5.000-இல் 0.5 சதவீதம் 25 மில்லிவோல்ட், 2 டிஜிட் என்பது 2 மில்லிவோல்ட், மொத்தம் 27. உண்மையான வோல்டேஜ் 4.973-க்கும் 5.027-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

அதே 5 வோல்டை 600 வோல்ட் ரேஞ்சில் பார்த்தால் கடைசி இலக்கமே 0.1 வோல்ட். 2 டிஜிட் 200 மில்லிவோல்டை விழுங்கிவிடும். அளக்கும் வோல்டேஜ் அடங்குகிற மிகச் சிறிய ரேஞ்சில் வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

அதற்காகக் கடைசி இலக்கங்கள் வீண் என்று நினைக்க வேண்டாம். அதே மீட்டர், அதே ரேஞ்ச், சில நிமிட இடைவெளி என்றால் 5.000 என்பது 5.004 ஆனதை நம்பலாம். மாற்றத்தைப் பார்க்க அவை நன்றாகவே உதவும்.

ரெசிஸ்டரைக் கழட்டாம போர்டுல வெச்சே அளக்கலாமா?

அளக்கலாம். ஆனால் பவரை நிறுத்தி, கபாசிட்டர்களில் சார்ஜ் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அளக்க வேண்டும். ரெசிஸ்டரோடு வேறு பாதைகள் பேரலலாக இருக்கும் என்பதால் வருகிற எண் அதன் மதிப்புக்குச் சமமாகவோ குறைவாகவோதான் இருக்க முடியும். 10 கிலோஓம் என்று அச்சிட்டது 6 கிலோஓம் காட்டினால் எதுவும் முடிவு செய்ய முடியாது. அதுவே 14 கிலோஓம் என்று நிலையாகக் காட்டினால் ரெசிஸ்டரோ அதன் ஜாயின்டோ கெட்டுப்போயிருக்கிறது, கழட்டிப் பார்க்கலாம்.

ப்ரோப் இரண்டையும் இடம் மாற்றி வைத்தும் ஒருமுறை பாருங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு எண் வந்தால் பாதையில் டையோடோ ஐ.சி.யோ இருக்கிறது, அல்லது கபாசிட்டரில் இன்னும் சார்ஜ் மிச்சம் இருக்கிறது.

எதோடவும் சேராத ஒயர்ல 50, 60 வோல்ட் ஏ.சி. காட்டுது. மீட்டர் போச்சா?

மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் ஓடும் மெயின்ஸ் ஒயருக்கும் இந்த ஒயருக்கும் நடுவில் சின்ன கபாசிட்டன்ஸ் இருக்கிறது. அதன் வழியாக வருகிற மைக்ரோஆம்பியர் கணக்கான கரன்ட், டிஜிட்டல் மீட்டரின் 10 மெகாஓம் உள்தடையில் பெரிய வோல்டேஜாகத் தெரிகிறது. குறைந்த உள்தடையில் அளக்கும் மோடு உள்ள மீட்டரில் அது சரிந்துவிடும். சரியாத வரை அந்த ஒயர் உயிரோடு இருப்பதாகவே நினைத்துக் கையாளுங்கள்.

ரெண்டு 1 மெகாஓம் போட்டு 10 வோல்டைப் பாதியாக்கினேன். 5 வரணும், 4.76 தான் வருது. ரெசிஸ்டர் தப்பா?

ரெசிஸ்டர் சரி, கணக்கில் மீட்டரைச் சேர்க்கவில்லை. அந்த நடுப்புள்ளியை மீட்டர் பக்கமிருந்து பார்த்தால் 500 கிலோஓம் சோர்ஸ். அதற்குக் கீழே மீட்டரின் 10 மெகாஓம் வந்து சேர்கிறது. 5-ஐ 10-ஆல் பெருக்கி 10.5-ஆல் வகுத்தால் 4.76. மீட்டரை எடுத்ததும் புள்ளி 5 வோல்டுக்குத் திரும்பிவிடும், அதை நீங்கள் பார்க்கத்தான் முடியாது. இதற்கு லோடிங் என்று பெயர். சோர்ஸ் தடை மீட்டர் தடையில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே ஏறத்தாழ 1 சதவீதம் பிழை வந்துவிடும்.

பீப் சத்தம் வருது. அப்போ ஜாயின்ட் நல்லாத்தானே இருக்கு?

கன்டினியூட்டி பீப் பல மீட்டர்களில் சில பத்து ஓம் இருந்தாலே ஒலிக்கும். 20 ஓம் உள்ள ஜாயின்ட் சிக்னல் லைனில் தெரியாமலே போகும், பவர் லைனில் என்றால் போர்டையே படுக்க வைத்துவிடும். போதாக்குறைக்கு, ப்ரோபை ஜாயின்டின் மேலேயே அழுத்துகிறோம். விரிசல் விட்ட ஜாயின்ட் அந்த அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு பீப் தரும். கையை எடுத்ததும் மறுபடி பிரியும். ஒரு ப்ரோபை பாகத்தின் காலிலும் இன்னொன்றை அந்த டிராக் (போர்டின் செம்புப் பாதை) போய்ச் சேரும் வேறொரு பேடிலும் (கால் ஒட்டும் செம்புத் திட்டு) வைத்துப் பாருங்கள்.

பீப்பை விட லென்ஸ் அதிகம் சொல்லும். நல்ல ஜாயின்டில் ஈயம் (சால்டரைத்தான் அப்படிச் சொல்கிறோம்) காலின் மேல் ஏறி, பேடின் ஓரம் வரை உட்குழிந்த சரிவாக, மெல்லிய விளிம்போடு படிந்திருக்கும். பேடின் மேல் உருண்டை நீர்த்துளி போல உட்கார்ந்து, விளிம்பு உள்பக்கம் மடிந்திருந்தால் அங்கே ஒட்டவே இல்லை. பளபளப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். நிஜ ஈயம் கலந்த 63/37 (63 பங்கு தகரம், 37 பங்கு ஈயம்) பளபளக்கும், ஈயமில்லா சால்டர் நல்ல ஜாயின்டிலும் சற்று மங்கலாகத்தான் தெரியும்.

ஈயம் பிடிக்கவே மாட்டேங்குது. 450 டிகிரிக்கு ஏத்திட்டேன், தப்பா?

தப்புதான். 63/37 உருகுவது 183 டிகிரி செல்சியஸில், ஈயமில்லா வகையில் அதிகம் புழங்கும் வெள்ளி, செம்பு கலந்த தகரக் கலவை உருகுவது 217 முதல் 220-க்குள். 350 டிகிரியே தாராளம். 450-இல் ஃப்ளக்ஸ் (ஆக்ஸைடை நீக்கி ஈயத்தை ஒட்டவைக்கும் பொருள்) வேலை செய்வதற்குள் கருகிவிடும். சால்டரிங் அயர்னின் பிட் முனை ஆக்ஸைடு பூத்துக் கருக்கும், பேடும் போர்டிலிருந்து உரிந்து வரும்.

பெரும்பாலும் குறை டெம்பரேச்சரில் இருக்காது, வெப்பம் போய்ச் சேருவதில்தான் இருக்கும். ஊசி முனை பிட்டை மாற்றி உளி முனை போடுங்கள். முனையில் துளி ஈயம் வைத்து, பேடையும் காலையும் சேர்த்துத் தொடுங்கள். கிரவுண்ட் பிளேனோடு (கிரவுண்டுக்கென விட்ட அகலமான செம்புப் பரப்பு) சேர்ந்த பேட் என்றால் அந்தச் செம்பு முழுவதும் சூட்டை உறிஞ்சும். அங்கே ஹாட் பிளேட்டோ ஹாட் ஏரோ வைத்து போர்டை முன்சூடு செய்வதுதான் வழி.

0.1 ஓம் ரெசிஸ்டர் வாங்கினேன், எல்லாமே 0.3 ஓம் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

ப்ரோப் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.2 ஓம் வரும். ஒயரின் தடை, ஜாக்கின் தடை, முனை தொடும் இடத்தின் தடை எல்லாம் சேர்ந்த எண் அது. ரிலேட்டிவ் பட்டனை அழுத்தி அதைக் கழித்தாலும் முழுத் தீர்வு கிடைக்காது. தொடும் இடத்தின் தடை ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறும், அந்த மாற்றமே 0.1 ஓமில் பெரிய பங்கு.

இதற்கு நான்கு ஒயர் முறைதான் சரி. கெல்வின் முறை என்பதும் இதுதான். கரன்ட் அனுப்ப இரண்டு ஒயர், வோல்டேஜ் பார்க்க வேறு இரண்டு ஒயர். வோல்டேஜ் ஒயர்களில் கரன்ட் ஏறத்தாழ இல்லாததால் அவற்றின் தடை கணக்கில் வராது. தனி மீட்டர் இல்லாவிட்டாலும் பெஞ்ச் பவர் சப்ளையில் கரன்ட் லிமிட்டை 1 ஆம்பியரில் வைத்து ரெசிஸ்டர் வழியாக விடுங்கள். ரெசிஸ்டரின் கால்களிலேயே, கரன்ட் கிளிப்புகளுக்கு உள்பக்கமாக, மில்லிவோல்ட் பாருங்கள். 100 மில்லிவோல்ட் வந்தால் 0.1 ஓம். சப்ளையின் டிஸ்பிளே காட்டும் ஆம்பியரை அப்படியே நம்பாமல் இன்னொரு மீட்டரில் சரிபார்ப்பது நல்லது. ரெசிஸ்டர் சூடாகும் முன் படித்துவிடுங்கள்.

அந்த மாதிரி ஷன்ட்டை போர்டுல போட்டா கரன்ட் 10 சதவீதம் அதிகமா காட்டுது. ஏன்?

ஷன்ட் என்பது கரன்ட் அளக்கப் பாதையில் போடும் சின்னத் தடை, அதன் வோல்டேஜைப் பார்க்கும் டிராக்தான் சென்ஸ் டிராக். அதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். வழக்கமான 35 மைக்ரான் செம்பில் ஒரு சதுரத்துக்குச் சுமார் அரை மில்லிஓம். டிராக்கின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் சதுரங்களின் எண்ணிக்கை. 0.25 மில்லிமீட்டர் அகலத்தில் 25 மில்லிமீட்டர் ஓடினால் 100 சதுரம், 50 மில்லிஓம். 10 மில்லிஓம் ஷன்ட்டுக்கு வெளியே கரன்ட் ஓடும் செம்பில் இரண்டே சதுரம் தள்ளி சென்ஸ் எடுத்தால் 1 மில்லிஓம் கூடிவிடும். உங்கள் 10 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. சென்ஸ் டிராக்குகள் பேடின் உள் ஓரத்திலிருந்து தனியாகக் கிளம்ப வேண்டும், வழியில் கரன்ட் பாதையைத் தொடக் கூடாது.

ஷன்ட்டே வேண்டாம், டிராக்கையே ஷன்ட்டாக வைத்துக்கொள்கிறேன் என்பவர்களும் உண்டு. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். போர்டு 25 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 10 சதவீதம். அந்த அளவு பரவாயில்லை என்றால் செய்யலாம்.

ஆம்பியர் ஜாக்ல ப்ரோபை விட்டுட்டு வோல்டேஜ் பார்த்துட்டேன். இப்போ கரன்ட் எப்பவும் ஜீரோ.

ஃபியூஸ் போயிருக்கும். அதே வோல்டேஜ், அதே பிரேக்கிங் கெபாசிட்டி (பாதுகாப்பாக அறுக்கக்கூடிய அதிகபட்ச கரன்ட்) உள்ளதைத்தான் போட வேண்டும். கண்ணாடிக் குழாய் ஃபியூஸைப் போட்டு ஒப்பேற்றிவிட்டு, பிறகு மெயின்ஸில் அதே தவறு நடந்தால் மீட்டர் கையிலேயே வெடிக்கும்.

தூங்கும்போது 10 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கணும். ஆனா மீட்டரை சீரிஸ்ல வெச்சா போர்டு ஸ்டார்ட்டே ஆகலை.

லோடிங்குக்கு ஒரு தம்பி உண்டு, பெயர் பர்டன் வோல்டேஜ். கரன்ட் ரேஞ்சில் மீட்டருக்குள் ஒரு ஷன்ட் இருக்கிறது. மைக்ரோஆம்பியர் ரேஞ்சில் அது பல மீட்டர்களில் 100 ஓம் அளவுக்கு இருக்கும். 10 மைக்ரோஆம்பியருக்கு அதில் 1 மில்லிவோல்ட்தான் விழும், கவலையில்லை. ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது ரேடியோவும் பிராசஸரும் சேர்ந்து 100 மில்லிஆம்பியர் கேட்டால் அந்த 100 ஓமில் 10 வோல்ட் விழ வேண்டும். சப்ளையே 3.3 வோல்ட். போர்டு பட்டினியில் ரீசெட் ஆகி ரீசெட் ஆகிச் சுழலும்.

மீட்டருக்குக் குறுக்கே ஒரு ஜம்பரைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தூக்கத்துக்குப் போனதும் ஜம்பரை எடுத்துவிட்டுப் படியுங்கள். விழிக்கும் முன் திரும்பப் போட்டுவிடுங்கள். ஓடும்போது ரேஞ்ச் மாற்றலாம் என்று நினைக்காதீர்கள், பல மீட்டர்களில் ஸ்விட்ச் திரும்பும் அந்தக் கணத்தில் லைன் அறுந்து போர்டு ஆஃப் ஆகிவிடும். விழித்துத் தூங்கும் முழுச் சுழற்சிக்கும் சராசரி வேண்டுமென்றால் இந்த வழி உதவாது. அதற்கு ரேஞ்சைத் தானே வேகமாக மாற்றிக்கொள்ளும் கரன்ட் அனலைசர்தான் வேண்டும்.

3.3 வோல்ட் லைன் கிரவுண்டோட ஷார்ட். அதுல 40 கபாசிட்டர் இருக்கு. ஒண்ணொண்ணா கழட்டணுமா?

வேண்டாம். மேலே 0.1 ஓமுக்குச் சொன்ன அதே வழி. சப்ளையை 1 வோல்டுக்குக் கீழே, கரன்ட் லிமிட் 1 ஆம்பியர் என்று வைத்து அந்த லைனில் கொடுங்கள். வோல்டேஜ் அவ்வளவு குறைவு என்பதால் மற்ற ஐ.சி.களுக்கு ஆபத்து இல்லை. இப்போது கரன்ட் முழுவதும் ஷார்ட்டை நோக்கி ஓடும். மீட்டரின் கறுப்பு ப்ரோபை சப்ளையின் மைனஸில் வைத்து, சிவப்பை ஒவ்வொரு கபாசிட்டரின் 3.3 பக்கத்திலும் வைத்துக்கொண்டே போங்கள். ஷார்ட்டை நெருங்க நெருங்க மில்லிவோல்ட் குறையும், தாண்டிப் போனால் அப்படியே நிற்கும். கிரவுண்ட் பக்கம் இதற்கு நேர் எதிராக ஏறும்.

லைன் பெரிய பிளேனாக இருந்தால் வித்தியாசம் மைக்ரோவோல்டில் போய்விடும். அப்போது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் போர்டின் மேல் மெல்லியதாகப் பரப்பி, கரன்ட் கொடுத்துப் பாருங்கள். எங்கே முதலில் உலர்ந்து வட்டம் விழுகிறதோ அங்கே குற்றவாளி. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் அந்த வட்டம் நன்றாகத் தெரியும். நிறைய நேரம் அது போர்டின் விளிம்பிலோ திருகுத் துளைக்குப் பக்கத்திலோ உள்ள செராமிக் கபாசிட்டராக இருக்கும். போர்டு வளையும்போது செராமிக் உள்ளே விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாது.

10 மைக்ரோஃபாரட் செராமிக், எல்.சி.ஆர். மீட்டர்ல 7 தான் காட்டுது. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டாக இருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் அதுவல்ல. எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் என்ற செராமிக் வகைகளின் மதிப்பு எந்த ஏ.சி. வோல்டேஜில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். டேட்டாஷீட் சொன்ன அளவை விட மீட்டரின் சிக்னல் சிறிதாக இருந்தால் எண் குறையும். இவற்றுக்கு வயதும் உண்டு, நாள் ஆக ஆக மதிப்பு மெல்ல இறங்கும். சால்டரிங் சூடு பட்டதும் வயது பழையபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கழட்டி மாட்டிய கபாசிட்டர் முன்னைவிட அதிகம் காட்டுவது இதனால்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் டி.சி. பயஸ், அதாவது கபாசிட்டர் மேல் நிற்கும் டி.சி. வோல்டேஜ். 6.3 வோல்ட் ரேட்டிங் உள்ள சின்ன அளவு 10 மைக்ரோஃபாரட்டில் 5 வோல்ட் ஏற்றினால் மதிப்பு பாதிக்கும் கீழே போவது சாதாரணம். மேசை மேல் மீட்டர் காட்டும் 7-ஐப் பற்றிக் கவலைப்படுபவர்கள் போர்டில் அது 4 ஆகிப்போனதைப் பார்ப்பதே இல்லை.

ஸ்கோப்புல 5.12, மீட்டர்ல 5.01. எதை நம்பறது?

டி.சி.க்கு மீட்டரை. சாதாரண ஸ்கோப் (ஆசிலோஸ்கோப்) 8 பிட், அதாவது திரை முழுக்க 256 படிகள். ஒரு கட்டத்துக்கு 1 வோல்ட் வைத்தால் 8 கட்டத்துக்கு 8 வோல்ட், ஒரு படி 31 மில்லிவோல்ட். அதன் மேல் இரண்டு மூன்று சதவீதம் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) பிழையும், ப்ரோபின் பிழையும் உண்டு. ஸ்கோப் வடிவத்தையும் நேரத்தையும் பார்க்கும் கருவி.

அதே ஸ்கோப்புல கிளாக் விளிம்புல பெரிய ரிங்கிங். போர்டு டிசைன் தப்பா?

ரிங்கிங் என்பது விளிம்பை ஒட்டி வரும் அலைவு. முதலில் ப்ரோபின் கிரவுண்ட் கிளிப்பைக் கழட்டுங்கள். 15 சென்டிமீட்டர் ஒயர் சுமார் 150 நானோஹென்றி. ப்ரோப் முனையின் 12 பிக்கோஃபாரட்டோடு சேர்ந்தால் ஏறத்தாழ 120 மெகாஹெர்ட்ஸில் அது தானே மணியடிக்கும். ப்ரோபோடு வரும் சின்ன ஸ்பிரிங்கை முனைக்குப் பக்கத்தில் மாட்டி, அருகிலுள்ள கிரவுண்ட் பேடைத் தொட்டுப் பாருங்கள். அப்போதும் ரிங்கிங் இருந்தால் போர்டைச் சந்தேகப்படலாம்.

கிளிப்பைப் பற்றி இன்னொன்று: அது மெயின்ஸ் எர்த்தோடு சேர்ந்தது. மெயின்ஸோடு நேரடியாகச் சேர்ந்த சர்க்யூட்டில் அதை மாட்டினால் ஷார்ட். ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஸ்கோப்பின் உலோக பாகமெல்லாம் உயிரோடு நிற்கும். எர்த்தைச் சேர்க்காமல் இரண்டு புள்ளிகளின் வித்தியாசத்தை அளக்கும் டிஃபரன்ஷியல் ப்ரோப் வாங்க முடியாவிட்டால் அந்த அளவையே எடுக்காமல் விடுங்கள்.

நோ-க்ளீன் ஃப்ளக்ஸ்தானே, ஏன் துடைக்கணும்?

சாதாரண டிஜிட்டல் போர்டில் துடைக்க வேண்டாம். சோர்ஸ் தடை மெகாஓமில் இருக்கும் இடத்தில்தான் கதை மாறுகிறது. 5 வோல்ட் டிராக்குக்கும் உங்கள் உள்ளீட்டுக்கும் நடுவில் 1 ஜிகாஓம் கசிவு இருந்தால் 5 நானோஆம்பியர் வரும். சோர்ஸ் 10 மெகாஓம் என்றால் அங்கே 50 மில்லிவோல்ட் பிழை. ஈரப்பதம் ஏறினால் இன்னும் மோசம். அந்த உள்ளீட்டைச் சுற்றி அதே வோல்டேஜில் ஒரு கார்ட் ரிங் (வளையமாக ஓடும் டிராக்) ஓடவிட்டால் கசிவுக்கு வேலை இல்லாமல் போகும்.

துடைப்பதென்றால் முழுதாகத் துடையுங்கள். கொஞ்சம் ஆல்கஹால் தெளித்து பிரஷால் தேய்த்து அப்படியே உலரவிட்டால், ஜாயின்டைச் சுற்றி ஓரமாக இருந்த ஃப்ளக்ஸ் போர்டு முழுக்க வெள்ளைப் படலமாகப் பரவும். அது தொடாமல் விட்டதைவிடக் கேடு. கரைத்து, அழுக்கு ஆல்கஹால் வழிந்தோட விட்டு, புதிதாக ஊற்றி, மறுபடி வழியவிட்டு, பிறகு சூடான காற்றில் உலர்த்துங்கள். அதன் பிறகு அந்த இடத்தை விரலால் தொடக் கூடாது.

மைக்ரோவோல்ட் அளக்கிறேன். ஆளு பக்கத்துல வந்தாலே எண் நகருது!

உங்கள் உடல் சூடும் மூச்சுக்காற்றும்தான். இரண்டு வேறு உலோகங்கள் சேரும் இடமெல்லாம் ஒரு தெர்மோகப்பிள், வெப்ப வித்தியாசத்தில் சின்ன வோல்டேஜ் தரும். செம்புக்கும் சால்டருக்கும் நடுவில் ஒரு டிகிரிக்குச் சில மைக்ரோவோல்ட், செம்புக்கும் சில ஐ.சி. கால்களில் உள்ள கோவார் என்ற உலோகக் கலவைக்கும் சுமார் 40, செம்புக்கும் ஆக்ஸைடு ஏறிய செம்புக்கும் ஆயிரம் வரை. முனை கறுத்த ஒயரைச் சுரண்டாமல் மாட்டியிருந்தால் மற்றதைப் பற்றிப் பேசியே பயனில்லை.

செம்பை செம்போடு சேருங்கள், இரண்டு ஜாயின்டும் ஒரே வெப்பத்தில் இருக்கும்படி பக்கத்தில் வையுங்கள், காற்றுப் படாமல் ஒரு பெட்டியால் மூடுங்கள். மில்லிஓம் அளக்கும்போது கரன்டின் திசையைத் திருப்பி இரண்டு முறை எடுத்து, வித்தியாசத்தைப் பாதியாக்கினால் தெர்மோகப்பிள் பங்கு தானே கழிந்துவிடும்.

மீட்டர் சரியான்னு எதை வெச்சு பார்க்கிறது? அந்த 'எதை' யார் பார்க்கிறாங்க?

நல்ல கேள்வி. மீட்டரைக் காலிப்ரேஷன் லேபில் அதைவிடத் துல்லியமான கருவியோடு ஒப்பிடுவார்கள். அந்தக் கருவியை இன்னும் மேலான ஒன்றோடு ஒப்பிட்டிருப்பார்கள். சங்கிலி ஒரு நாட்டின் தேசிய அளவியல் கூடத்தில் போய் நிற்கும். ஒரு காலத்தில் அங்கே நின்றது 1893-இல் வந்த வெஸ்டன் செல், சுமார் 1.018 வோல்ட் தரும் ரசாயன பாட்டரி. இன்று ஜோசப்சன் ஜங்ஷன் என்ற சூப்பர்கண்டக்டர் அமைப்பு மைக்ரோவேவ் அதிர்வெண்ணை வோல்டேஜாக மாற்றித் தருகிறது. ஓமுக்கு 1980-இல் கிளாஸ் வான் கிளிட்சிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவு, 25,812.807 ஓம். 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியும் எலக்ட்ரான் மின்னூட்டமும் நிலையான எண்களாக வைக்கப்பட்டதால் இவை இரண்டும் நேரடியாக அந்த எண்களிலிருந்தே வருகின்றன.

மேசைக்கு வருவோம். காலிப்ரேஷன் என்பது ஒப்பிட்டுப் பார்ப்பது, திருகித் திருத்துவது வேறு வேலை. முதலில் சொன்ன '0.5 சதவீதம்' கூட பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு, 18 முதல் 28 டிகிரிக்குள் என்ற நிபந்தனையோடுதான் எழுதியிருக்கும். கையில் உள்ள இரண்டு மீட்டரும் ஒரே எண் காட்டினால் ஆறுதல் கிடைக்கும், சான்று கிடைக்காது. ஒரே மாடல் இரண்டும் ஒரே பக்கம் நகரக்கூடும்.

அதுக்காக 0.02 சதவீத ரெஃபரன்ஸ் ஐ.சி. வாங்கி போர்டுல வெச்சேன். ஈயம் வெச்சதும் 0.02-ஐத் தாண்டிடுச்சு. கெடுத்துட்டேனா?

கெடவில்லை. ரெஃபரன்ஸ் ஐ.சி. என்பது நிலையான ஒரு வோல்டேஜைத் தரும் ஐ.சி. அந்த 0.02 சதவீதம் அது தனியாக இருக்கும்போது. சால்டரிங் சூட்டில் பிளாஸ்டிக் உடலும் போர்டும் வேறு வேறு அளவு விரிந்து, ஆறும்போது உள்ளே இருக்கும் சிலிக்கானை ஒரு இறுக்கத்தில் பிடித்துவிடுகின்றன. வோல்டேஜ் கொஞ்சம் நகரும். பல டேட்டாஷீட்களில் சால்டர் ஹீட் ஷிஃப்ட் என்று இதற்குத் தனி வரியே இருக்கும். போர்டை இரு விரலால் மெல்ல வளைத்துக்கொண்டே மீட்டரைப் பாருங்கள், கடைசி இலக்கங்கள் கூடவே ஆடும்.

ஐ.சி.யைச் சுற்றி மூன்று பக்கமும் போர்டில் பள்ளம் வெட்டி, நாக்கு போல நீட்டிய துண்டின் மேல் அதை வைத்தால் போர்டின் வளைவு அங்கே போய்ச் சேராது. திருகுத் துளைகளை விட்டும் சூடாகும் ரெகுலேட்டரை விட்டும் தள்ளி வையுங்கள். அசெம்பிள் ஆனதும் போர்டைச் சில நாள் பவரிலேயே ஓடவிட்டு, அதன் பிறகு ஒரு நல்ல மீட்டரில் அளந்து, அந்த எண்ணை ஸ்டிக்கரில் தேதியோடு எழுதி போர்டிலேயே ஒட்டிவிடுங்கள். ஐ.சி.யின் மேல் மட்டும் ஒட்ட வேண்டாம்.